கடலில் கொட்டினாலும் அளந்து கொட்டுங்கள்

இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் திட்டம் வகுக்கிற, நடத்துகிற, நடுவில் நிறுத்துகிற துறைகளுக்கும், ஒப்பந்ததாரர்களுக்கும், ஆலோசனை நிறுவனங்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

ஒரு வேலை நின்றுபோனால் சைட்டில் முதலில் காதில் விழுவது ஓர் ஆறுதல்: "கூலி வந்துருச்சுல்ல, அப்புறம் என்னப்பா?" நியாயமான கேள்விதான். கூலிக்குத்தான் வந்தோம், கூலியும் வந்தது. ஆனால் மண் ஆய்வுக்குத் துளை போடுகிறவர், மட்டம் எடுக்கிறவர், கம்பி கட்டுகிறவர், வெல்டர், சைட் இன்ஜினியர் என எங்களில் யாரும் இந்தப் பதிலோடு நிம்மதியாகத் தூங்கியதாகத் தெரியவில்லை. செய்தது எதற்காவது ஆகுமா என்பது கூலிக்கு வெளியே நிற்கிற கேள்வி. அதற்குப் பதில் சொல்வது பாதிக்கு மேல் உங்கள் கையில் இருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

எந்தத் திட்டத்தை நிறுத்தியது சரி, எது தவறு என்ற வழக்கை இங்கே எடுக்கவில்லை. சேது சமுத்திரத் திட்டம் 2005 ஜூலை 2 அன்று தொடங்கியது. 167 கிலோமீட்டர் நீளம், 300 மீட்டர் அகலம், 12 மீட்டர் ஆழம் என்று வரைந்த கால்வாய் அது. 2007-ல் உச்ச நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையோடு ஆதம் பாலப் பகுதியில் தோண்டுவது நின்றது. உப்பூரில் 800 மெகாவாட்டில் இரண்டு அலகுகள் என்று எழுந்த அனல்மின் திட்டத்தின் சுற்றுச்சூழல் அனுமதியை 2021-ல் பசுமைத் தீர்ப்பாயம் நிறுத்தி வைத்தது. அதன் பிறகு அந்த இடமே வேண்டாம் என்று முடிவானது. 2019-ல் அடிக்கல் நாட்டிய ராமேஸ்வரம்–தனுஷ்கோடி ரயில் பாதையும் நடக்கவில்லை. இவற்றில் சில நின்றதே நல்லது என்று நினைக்கிறவர்கள் எங்களிலும் உண்டு. திட்டம் சாகலாம். சாவுக்கும் ஒரு சடங்கு முறை இருக்கிறதல்லவா? அதைத்தான் கேட்கிறோம்.

சிக்கல் ஒரு சொல்லில் தொடங்குகிறது. எந்தக் கோப்பும் "கைவிடப்பட்டது" என்று எழுதாது. "தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது" என்றுதான் எழுதும். தற்காலிகம் என்று எழுதிவிட்டால் மூடும் செலவுக்கு மதிப்பீடு போட முடியாது. மதிப்பீடு இல்லாவிட்டால் பணம் இல்லை, பணம் இல்லாவிட்டால் துளை திறந்தே கிடக்கும், கம்பி துருப்பிடிக்கும், அளவுகள் எழுதிய ஏடு யாருடைய வீட்டுப் பரணிலோ கிடக்கும். ஆகவே முதல் கோரிக்கை: டெண்டரின் அளவுப் பட்டியலிலேயே, மண் வேலைக்கும் கான்கிரீட்டுக்கும் வரி இருப்பதுபோல, "நிறுத்தினால் செய்ய வேண்டிய வேலைகள்" என்று தனியாக வரிகள் போட்டு விலை கேளுங்கள். வேலை முழுதாக முடிந்தால் அந்தத் தொகை செலவாகாது. நின்றால் யாரிடமும் கையேந்தாமல் மூடலாம்.

அந்த வரிகளில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதைச் சொல்கிறோம்.

மண் ஆய்வை முதலில் எடுத்துக்கொள்வோம். நின்றுபோன திட்டத்திலும் முழுதாக முடிந்துவிடக்கூடிய வேலை அதுதான். 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, 15 சென்டிமீட்டர் இறங்க எத்தனை தடவை அடிக்க வேண்டியிருக்கிறது என்று மூன்று முறை எண்ணுகிறோம். முதல் 15-ஐத் தள்ளிவிட்டுக் கடைசி இரண்டையும் கூட்டினால் அதுதான் மண் எவ்வளவு கெட்டி என்று சொல்லும் எண். பொதுவாக ஒன்றரை மீட்டருக்கு ஒரு தடவை. இந்த எண் பாலம் வந்தாலும் வராவிட்டாலும் மாறாது. "இங்கே தாங்காது" என்பதும் முழுமையான பதில்தான். கிணறு வெட்டித் தண்ணீர் வராதவன், எத்தனை அடியில் பாறை தட்டியது என்று எழுதி வைத்தால் அடுத்தவனுக்கு ஒரு கிணற்றுச் செலவு மிச்சம்.

ஆனால் எழுதி வைப்பதில்தான் எல்லாம் கெடுகிறது. நம் கரையில் மணலுக்குள்ளே சுண்ணாம்பு கட்டி இறுகிய அடுக்கு, பவளக்கல் அடுக்கு எல்லாம் மெல்லிய ஓடு போலக் கிடக்கும். சுத்தியல் அதன்மேல் நின்றுவிடும். ஐம்பது தடவை அடித்தும் இறங்கவில்லை, "பாறை" என்று எழுதிக் குழாயை உருவிவிடுவார்கள். ஓட்டுக்குக் கீழே மறுபடி உதிரி மணலோ சேறோ இருக்கலாம். நிறுத்தச் சொல்லி உத்தரவு வரும் வாரத்தில் இந்த அவசரம் இன்னும் கூடும். ஆகவே எந்தத் துளையையும் முதல் கெட்டி அடுக்கோடு மூடாதீர்கள். குறைந்தது மூன்று மீட்டராவது கோர் (உருளையாக வெட்டி எடுக்கும் பாறை மாதிரி) எடுத்து உறுதி செய்த பிறகே "பாறை" என்று எழுதச் சொல்லுங்கள். அதற்கு நேரமில்லை என்றால் "இங்கே நிறுத்தினோம், கீழே பார்க்கவில்லை" என்று எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி நாளை ஒரு தூணைக் காப்பாற்றும்.

இன்னொரு சங்கதி, வெளியூர் நிறுவனங்கள் அடிக்கடி அடிபடுவது: துளை சரியாமல் தாங்கப் போடும் பென்டோனைட் களிமண் பொடியைக் கடல் தண்ணீரில் கரைத்தால் அது ஊதிப் பிடிக்காது, திரிந்து கீழே தங்கிவிடும், துளையின் பக்கம் சரியும். நல்ல தண்ணீரில் கரைத்து ஓர் இரவு ஊறவிட வேண்டும். நல்ல தண்ணீருக்கு இங்கே டேங்கர் வாடகை. அதை மிச்சப்படுத்திய இடத்தில் எடுத்த மாதிரி எது, மேலிருந்து சரிந்து விழுந்த மணல் எது என்று சொல்ல முடியாது. துளைக்கான பதிவுத் தாளில் (லாக் ஷீட்) எந்தத் தண்ணீர் என்பதும் இருக்க வேண்டும்.

அடுத்தது மட்டம். கடல் வரைபடத்தின் மட்டம் வேறு, தரையில் நாம் எடுக்கும் சராசரிக் கடல் மட்டம் வேறு. இங்கே இரண்டுக்கும் அரை மீட்டரை ஒட்டிய வித்தியாசம். அரை மீட்டர்தானே என்று விடக் கூடாது. வடகடல், அதாவது பாக் நீரிணைப் பக்கம், ஆழமில்லாத கடல். ஐந்நூறுக்கு ஒன்று என்ற சரிவில் அரை மீட்டர் தவறினால் கிடையாக 250 மீட்டர் தள்ளிப்போகும். எந்தப் பெஞ்ச்மார்க் (உயரம் குறித்த நிலைக்கல்), எந்த மட்டம், எந்த நாள், என்ன காற்று என்று தாளின் தலையிலேயே போடுங்கள். காற்று எதற்கு என்று கேட்பீர்கள். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கலங்கும், வாடையில் வடகடல் கலங்கும். ஒரே பருவத்தில் எடுத்த ஆழ அளவை அடுத்த பருவத்தின் மணல் பொய்யாக்கிவிடும். ஒரு பருவத்தோடு வேலை நின்றால் "ஒரு பருவ அளவு மட்டும்" என்று பெரிதாக எழுதிக் கொடுங்கள். அரைகுறை என்று தெரிந்த அளவு உதவும். முழுசு என்று நம்பிய அரைகுறைதான் ஆளைக் கவிழ்க்கும்.

ஒப்படைக்கும் முறை பற்றிக் கொஞ்சம் பிடிவாதமாகவே சொல்கிறோம். அழகாகப் பைண்டு செய்த அறிக்கை வேண்டாம் என்றில்லை, அது மட்டும் போதாது. கருவியிலிருந்து வந்த மூல அளவுகள் சாதாரண எழுத்துக் கோப்பாக, கிழக்கு, வடக்கு, உயரம் என்று மூன்று பத்தியில் இருக்கட்டும். எந்த இடக்குறிப்பு முறை என்பதும், டபிள்யூஜிஎஸ் 84, யுடிஎம் 44 வடக்கு என்று, தலைப்பில் இருக்கட்டும். ஒரு மென்பொருளில் மட்டுமே திறக்கும் கோப்பு பத்து வருடத்தில் பூட்டுப் போட்ட பெட்டி, சாவி கம்பெனியோடு போய்விடும். கோர் பெட்டியில் ஒட்டும் காகிதச் சீட்டு உப்புக் காற்றில் ஒரு மழைக்காலம் தாங்காது. அலுமினியத் தகட்டில் எண் குத்தி ஆணியடியுங்கள். கோரை நனைத்து, பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். காய்ந்த பவளக்கல்லும் காய்ந்த சுண்ணாம்பு மணற்கல்லும் படத்தில் ஒன்றுபோல இருக்கும்.

வைக்க இடமில்லை என்ற சாக்கு இந்த மாவட்டத்தில் செல்லாது. தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது. இராமநாதபுரத்தில் பொறியியல் கல்லூரி இருக்கிறது. மண்டபத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பிரதி ஒன்றை அங்கே கேட்டு வையுங்கள், ஒன்றை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் வையுங்கள். அதில் துளை போட்ட குழுவின் பெயரும் இருக்கட்டும். ஆலோசனை நிறுவனத்தின் முத்திரைக்குக் கீழே துளை போடும் இயந்திரத்தை ஓட்டிய ரிக் ஆபரேட்டரின் பெயருக்கு ஒரு வரி இடம் இல்லாமலா போகும்?

துளையை மூடுவது. இதைச் செய்யாமல் விடுவது அலட்சியத்தையும் தாண்டிய தீங்கு. கரையோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. நடுவில் இருக்கும் களிமண்ணையோ கெட்டி அடுக்கையோ துளைத்துவிட்டு அப்படியே போனால் மேலே உள்ளதும் கீழே உள்ளதும் அந்த வழியாகக் கலக்கும். ஊற்றுத் தோண்டிக் குடம் நிரப்பும் பெண்களுக்கு அது எந்தத் திட்டத்தின் துளை என்று தெரியாது, தண்ணீர் கரிக்கிறது என்று மட்டும் தெரியும். 150 மில்லிமீட்டர் துளை, 30 மீட்டர் ஆழம் என்றால் கொள்ளளவு அரை கன மீட்டருக்குச் சற்று அதிகம். ஒரு மூட்டை சிமென்டுக்கு இரண்டரை கிலோ பென்டோனைட், 35 லிட்டர் நல்ல தண்ணீர். பத்துப் பதினொரு மூட்டை பிடிக்கும். பென்டோனைட்டை முதலில் தண்ணீரில் ஊறவைத்துப் பிறகு சிமென்டைச் சேர்க்க வேண்டும். மேலிருந்து ஊற்றக் கூடாது, நடுவில் அடைத்துக்கொண்டு கீழே வெற்றிடம் நிற்கும். சிறு குழாயை அடிவரை இறக்கி, கீழிருந்து நிரப்பிக்கொண்டே குழாயை உயர்த்த வேண்டும். மறுநாள் போய்ப் பார்த்தால் அரை அடி, ஓர் அடி இறங்கியிருக்கும். மேலே நிரப்ப வேண்டும். சிமென்டுச் செலவு ஒரு துளைக்கு ஐயாயிரம் ரூபாய்க்குள் அடங்கும். அரை நாள் வேலை. இந்த அரை நாளுக்கு இதுவரை பில்லில் வரி கிடையாது.

மண் வேலையில் கேட்பது ஒன்றே ஒன்று: வரிசை. கரை மேடு போடுவதற்கு முன் கல்வெர்ட்டை, அதாவது மேட்டுக்கு அடியில் தண்ணீர் போகும் சிறு பாலத்தைக் கட்டுங்கள். மண் அடிப்பது வேகமாகத் தெரியும், பில்லும் சீக்கிரம் ஏறும், அதனால் எல்லோரும் மண்ணை முதலில் அடிக்கிறார்கள். நடுவில் நின்றுவிட்டால் மேடு இருக்கும், தண்ணீர் போக வழி இருக்காது. வரத்துக்கால் மறிபட்டு ஒரு பக்கம் கண்மாய் காய்ந்து கிடக்கும், மறுபக்கம் முண்டு மிளகாய்ச் செடி அழுகும். கல்வெர்ட்டு முதலில் என்றால் எந்த நாளில் நின்றாலும் கட்டியது யாருக்காவது பயன்படும். அணுகு சாலை, ஊருணிப் படித்துறை என்று தனியாக நிற்கக்கூடியவை முன்னால் வரட்டும்; ஒன்றோடொன்று சேர்ந்தால் மட்டுமே பயன் தருபவை பின்னால் வரட்டும். விழலுக்கு இறைத்த நீர் என்பார்கள். விழலைக்கூட அறுத்துக் கூரை வேய்ந்தவர்கள்தான் நம் ஆட்கள்.

கம்பி கட்டுகிறவருக்கு இப்படி ஆறுதல் சொல்ல எங்களுக்கு வழி தெரியவில்லை. அவர் வேலை கான்கிரீட்டுக்குள் போனால்தான் வேலை. பாம்பன் காற்று இரும்பைத் தின்பதில் பேர் போனது. அடித்தளக் கான்கிரீட் (பாதம்) போட்டுத் தூணுக்காக மேலே நீட்டிவிட்ட கம்பியை அப்படியே விட்டுப் போனால் அது அளவில் மெலியும், அடியில் கான்கிரீட்டையும் பிளக்கும். நிறுத்த உத்தரவு வந்த வாரமே செய்ய வேண்டியது: கம்பியைப் பிரஷ் போட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, சிமென்டுப் பால் இரண்டு கோட்டு அடிப்பது. அது சில வாரத்துக்குத்தான். அதற்கு மேல் நிற்கும் என்றால் நீட்டிய கம்பி முழுவதையும் சிமென்டு குறைந்த மெலிந்த கான்கிரீட்டில் மூடிவிட வேண்டும். பிறகு உடைத்து எடுக்கலாம். மீண்டும் வேலை தொடங்கினால் வெர்னியர் அளவுகோலில் விட்டம் பார்த்து, மாதிரி வெட்டிச் சோதித்த பிறகே தொட வேண்டும். நின்றுபோன அவசரத்தில் கடைசிக் கான்கிரீட்டை உவர்த் தண்ணீரில் ஆற்றுவதும் (நனைத்து இறுக வைப்பதும்) நடக்கிறது. கம்பி உள்ள கான்கிரீட்டுக்குக் கலக்கவும் ஆற்றவும் எடுக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. "விடப் போகிற வேலைதானே" என்று சொல்கிற மேஸ்திரியிடம் அதற்குமேல் பேச ஒன்றுமில்லை.

ஒரு யோசனை மட்டும். காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தின் அரிப்பு ஆய்வுப் பிரிவு மண்டபத்தில் இருக்கிறது. இந்தக் காற்றில் எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை நின்றது, என்ன கம்பி, என்ன கோட்டு என்ற தேதிக் குறிப்போடு வெட்டிய கம்பித் துண்டுகளைக் கொடுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். தேதி இல்லாவிட்டால் அது பழைய இரும்பு, எடைக்குப் போகும்.

ஆளுக்கான தாள்கள். இங்கேதான் கோபம் வருகிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். வேலையை விட்டு நிறுத்தினால் இரண்டு வேலை நாளுக்குள் பாக்கிக் கூலி தர வேண்டும் என்பது சட்டம். துணை ஒப்பந்ததாரர் ஓடிவிட்டார் என்றால் அந்தக் கூலிக்கு முதன்மை வேலையளிப்பவரே பொறுப்பு. கட்டுமான நல வாரியப் பதிவுக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 90 நாள் வேலை செய்திருக்க வேண்டும். திட்டம் நின்றதும் சைட் ஆபீஸ் கொட்டகை பிரிக்கப்படும், கையெழுத்துப் போடுகிறவர் வேறு மாநிலத்துக்கு மாற்றலாவார், 90 நாளுக்குச் சான்று இல்லை. நீங்கள் வாரியத்துக்கான செஸ் வரி கட்டியிருப்பீர்கள், அதனால் இவருக்குப் பயன் இல்லை. ஆகவே கொட்டகையைப் பிரிக்கும் முன் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள்: பெயர், வேலை, முதல் நாள், கடைசி நாள், மொத்த நாள், கையெழுத்து, முத்திரை. பிஎஃப் கணக்கில் வெளியேறிய தேதியை நீங்களே பதிந்துவிடுங்கள். பதியாவிட்டால் கடைசிச் சந்தாவுக்கு இரண்டு மாதம் கழித்துத் தொழிலாளியே இணையத்தில் பதியலாம் என்பது பலருக்குத் தெரியாது. அதையும் அந்தத் தாளிலேயே அச்சடியுங்கள்.

வெல்டருக்குக் கூடுதலாக ஒன்று வேண்டும். ஆறு மாதம் அந்த முறையில் வெல்டு வைக்காவிட்டால் தகுதி காலாவதி என்பதுதான் பெரிய குழாய், பாய்லர் வேலைகளில் நடைமுறை. எந்தத் தேதியில், எந்த நிலையில், எந்தத் தடிப்பில் வெல்டு வைத்தார், எக்ஸ்ரே என்ன சொன்னது என்ற பதிவின் நகல் அவர் கையில் இருந்தால், அடுத்த கம்பெனி மறுபடி டெஸ்ட் வைத்தாலும் வாசலிலேயே திருப்பி அனுப்பாது. நின்ற திட்டத்திலிருந்து அவர் எடுத்துக்கொண்டு போகக்கூடிய ஒரே பொருள் அதுதான்.

ஏன் நின்றது என்பதையும் சொல்லுங்கள். டீக்கடையில் தெரிந்துகொள்ளும்படி விடாதீர்கள். தமிழில், ஒரு பக்கத்தில், அறிவிப்புப் பலகையில்: நீதிமன்ற உத்தரவா, பணமா, இடமா, கணக்குத் தப்பா. எங்கள் வேலையில் குறை இருந்தால் அதையும் எழுதுங்கள், இல்லையென்றால் இல்லை என்றும் எழுதுங்கள். நான்கு வரிதான். அது இல்லாத இடத்தில் "அந்த சைட்டுக் கம்பி சரியில்லையாம், அதான் நிறுத்திட்டாங்களாம்" என்ற பேச்சு ஆளோடு கூடவே அடுத்த ஊருக்கு வரும்.

கடைசியாகக் கடலுக்குள் நிற்கும் குழாய்கள். சோதனைக்கு இறக்கிய லைனர் என்ற இரும்புக் குழாய், தற்காலிக மேடைக்கு அடித்த தூண், மிதவையைக் கட்டிய கான்கிரீட் கல் எல்லாம் நாட்டுப்படகு வலைக்கு எமன். தண்ணீர் மட்டத்தோடு வெட்டிவிட்டுப் போவது இருப்பதிலேயே மோசமான வழி. தெரிந்துகொண்டிருந்த கம்பம் தெரியாத முள்ளாகிவிடும். தரை மட்டத்தோடு வெட்டினாலும் போதாது. பருவம் மாறி மணல் அரித்தால் மறுபடி தலைகாட்டும். தரைக்குக் கீழே ஒரு மீட்டராவது மணலை நீர் பீய்ச்சி விலக்கி அங்கே வெட்ட வேண்டும். மணலில் மட்டும் நிற்கும் லைனரை அதிர்ந்து இழுக்கும் வைப்ரோ சுத்தியலால் உருவிவிடலாம். ஆனால் நாள் ஆக ஆக மண் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், சில மாதத்துக்குள் செய்தால் சுலபம். பாறைக்குள் பதித்தது வராது, வெட்டத்தான் வேண்டும். நீருக்கடியில் வெட்ட அதற்கென்று பயிற்சி பெற்ற டைவர் வேண்டும். கீழக்கரை, ஏர்வாடிப் பக்கத்துச் சங்கு குளிக்கிறவர்களை அந்த வேலைக்கு இறக்காதீர்கள். எந்தக் குழாய் எங்கே இருக்கிறது என்று காட்ட அவர்களைவிட ஆள் கிடையாது, அதற்குக் கூலி கொடுத்துக் கூப்பிடுங்கள்.

வெட்டி முடியும் வரை ஒவ்வொரு குழாயின் இடத்தையும் மீனவ ஊர்களுக்குக் கொடுங்கள். யுடிஎம் எண்ணில் கொடுத்தால் படகில் உதவாது. படகு ஜிபிஎஸ்ஸில் டிகிரி, நிமிடம், நிமிடத்தின் தசமம் என்று தெரியும்படி மாற்றி, பெரிய எழுத்தில் அச்சடித்து, ஊர்த் தலைவரிடமும் மீன்வளத் துறை அலுவலகத்திலும் கொடுத்து, கோயில், தேவாலயம், பள்ளிவாசல் மைக்கில் ஒரு தடவை வாசிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றாக வெட்ட வெட்ட அந்த எண்ணை அடித்துவிட்டுப் புதுப் பட்டியல் கொடுங்கள்.

இந்த மூடும் வேலைக்கு வெளியிலிருந்து புதுக் குழு வேண்டாம். எந்தக் குழாய் எத்தனை மீட்டர் இறங்கியது, எங்கே சாய்ந்தது, எதற்குள் கான்கிரீட் போனது என்பது இறக்கியவர்களுக்குத்தான் தெரியும். வாடை ஓய்ந்து தை பிறந்தால் வடகடலில் இறங்கலாம். எண்ணிக்கையும் ஆழமும் போட்ட பட்டியலும், அளவுப் புத்தகத்தில் ஒரு வரியும் மட்டும் உங்களிடமிருந்து வர வேண்டும்.

இப்படிக்கு,
தொண்டி முதல் மூக்கையூர் வரை சைட் வேலை செய்கிறவர்கள்